முடியாது என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்: மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் இலவச வக்கீலும்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை விஷயமாக வக்கீலான என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "தள்ளுபடி செய்த உத்தரவு எங்கே?" என்பதுதான். பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். "அப்படி ஒண்ணும் தரலையே சார், வரும் வரும்னுதான் சொல்லுதாவ" என்பார்கள். மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைப்பது ஓர் இ-சேவை ரசீது, மடித்து மடித்து எழுத்து அழிந்துபோன மருத்துவச் சான்று, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்ததற்கான சீட்டு. அவ்வளவுதான். தள்ளுபடி உத்தரவு இருந்தால் அதை எதிர்த்து மேலே போகலாம். வாய்வார்த்தையை எதிர்த்து எங்கே போவது?

அதனால் இந்த வகை வேலையில் பாதிக்கு மேல் கோர்ட்டுக்கு வெளியிலேயே நடக்கிறது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தை எழுத்தில் ஒரு பதில் சொல்ல வைப்பதுதான் அந்த வேலை. 'சரி' என்றாலும் எழுத்தில் வர வேண்டும், 'முடியாது' என்றாலும் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். ஒருவருடைய மனுவை நிராகரிக்கும் அதிகாரி அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். இது நாம் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை இல்லை.

அதற்கு முன்னால், எந்த வாசலில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாதாந்திர உதவிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம். ஊரில் எல்லாரும் 'பென்ஷன்' என்று சொல்வது இதைத்தான். 2023 ஜனவரியிலிருந்து இது மாதம் 1,500 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இது எல்லாருக்கும் கிடையாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச் சிதைவு நோய், தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் என்று குறிப்பிட்ட பிரிவினருக்குத்தான். ஒருவரே இரண்டையும் வாங்க முடியாது. இந்தக் கடைசி விதிதான் நிறையப் பேரைச் சுற்றலில் விடுகிறது.

திசையன்விளைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பனை ஏறி விழுந்ததில் குடும்பத் தலைவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவர் மனைவி ஆளுக்கு ஆள் சொன்னதைக் கேட்டு இரண்டு இடத்திலும் மனு கொடுத்துவிட்டார். இங்கே போனால் "அங்கே வாங்கலைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க", அங்கே போனால் "இங்கே மனு நிலுவையில இருக்கே" என்ற கதை. எங்கிருந்தும் ஒரு பைசா வரவில்லை. காகிதங்களை விரித்துப் பார்த்தபோது சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மருத்துவச் சான்றில் 'கை கால் இயக்கக் குறைபாடு' என்று மட்டும் போட்டிருந்தது. தண்டுவடம் என்ற சொல்லே இல்லை. அதனால் பொதுவான வரிசையில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த முதுகெலும்பு முறிந்தது, தண்டுவடம் எந்த அளவுக்குப் பாதித்தது என்று தெளிவாக இருந்தது. அதை அந்த அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் காட்டவில்லை. வருவாய்த் துறை மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, சரியான பிரிவில் புதிதாக ஒரு மனு போட்டோம். வழக்கே தேவைப்படவில்லை. பனையேறிகள் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்பதையும் நான் தவறாமல் கேட்பேன். பதிவு இருந்தால் விபத்து உதவி தனியாக உண்டு. ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தில் தலைமுறையாக மரம் ஏறுகிற வீடுகளிலேயே பலர் பதிவு செய்வதில்லை.

அடுத்த தகராறு குறைபாட்டின் சதவீதம். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான பலன்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவப் போர்டு முன் போய் வந்த பிறகு, "காலுக்கு 30, காதுக்கு 20 போட்டிருக்காவ, ரெண்டுமே 40 இல்லையே" என்று மனம் விட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு குறைபாடு இருந்தால் தனித்தனியாகப் பார்த்து விட்டுவிடக் கூடாது. சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதற்காக 30-யும் 20-யும் கூட்டி 50 என்றும் போட மாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்டுவார்கள். இங்கே 90-லிருந்து 30 போனால் 60. அதை 20-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம். 30-உடன் சேர்த்தால் 43. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆகவே எலும்பு டாக்டர் பார்த்ததோடு திரும்பி வராமல், காதுக்கும் கண்ணுக்கும் உரிய மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள். போர்டின் முடிவு தவறு என்று தோன்றினால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதே சட்டம்தான் குறைபாடுகளின் பழைய 7 வகைகளை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, கற்றல் குறைபாடு எல்லாம் இப்போது பட்டியலில் உள்ளன. இன்னொன்று, அட்டை கையில் வந்ததாலேயே பென்ஷன் வந்துவிடாது. இப்போது தரும் தனித்துவ அடையாள அட்டைகளில் வெள்ளை என்றால் 40-க்குக் கீழே, மஞ்சள் 40 முதல் 80-க்குள், நீலம் 80-ம் அதற்கு மேலும்.

சரி, எழுத்தில் பதில் வாங்குவது எப்படி? பழைய மனு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, இத்தனை நாளில் முடிவு தெரிவிக்கும்படி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 'ஏன் எனக்குப் பென்ஷன் தரவில்லை?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'ஏன்' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என் மனு இன்றைய தேதியில் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, விசாரணை அறிக்கையின் நகல், நிராகரித்திருந்தால் அந்த உத்தரவின் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. என் அனுபவத்தில் இந்தப் பத்து ரூபாய் மனு போன பிறகு, தூங்கிக்கொண்டிருந்த கோப்பு பல தடவை தானாக எழுந்து நடந்திருக்கிறது.

இதற்கெல்லாம் வக்கீலுக்குக் காசு வேண்டாமா? வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காகவே இலவச சட்ட உதவி தருகிறது. வருமான வரம்பு கிடையாது, வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படித்தான். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கத்துக்காரர்கள் அங்கேயே வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், அவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஜாமீன் கேஸ், குடும்பக் கேஸுக்குத்தான் இந்த உதவி என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது, அது தப்பு. மனு எழுதித் தருவதும், அலுவலகத்துக்கு நோட்டீஸ் அனுப்புவதும் சட்ட உதவிதான். அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், ஆணைக்குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள். அவர் ஒரு நீதிபதி. எங்கள் ஆட்களைப் பற்றி நானே இப்படி எழுதுவது சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

எழுத்துப் பதில் சாதகமாக வராவிட்டால் இரண்டு இடங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் கடைசியில் அவர் தருவது பரிந்துரை. அந்தப் பரிந்துரையின் மீது என்ன செய்தோம் என்று துறை 3 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். இன்னொரு இடம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம். அங்கேயும் இலவச வக்கீல் உண்டு. பலர் மதுரை உத்தரவு என்றதும் பணம் வந்த மாதிரி நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் வருவது, 'இத்தனை வாரத்துக்குள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்' என்ற உத்தரவுதான். மனுவோடு இணைத்த காகிதம் அரைகுறையாக இருந்தால், பரிசீலித்து மறுபடியும் தள்ளுபடி செய்வார்கள். அதனால்தான் சான்றைச் சரிபண்ணாமல் மதுரைக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வந்துகொண்டிருந்த பென்ஷன் திடீரென்று நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் முதலில் பேங்குக்குப் போய் வாருங்கள். ஆதார் எண்ணை வைத்து அனுப்பும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதில்தான் விழும். முக்கூடலில் பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்குப் பல மாதப் பணம், குழுக் கடனுக்காகத் தொடங்கி மறந்தே போயிருந்த கணக்கில் கிடந்தது. நிஜமாகவே நிறுத்தியிருந்தால், நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் நிறுத்தியது செல்லாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

அப்புறம் புரோக்கர்கள். "சதவீதம் கூட்டிப் போட்டுத் தாரேன், மொத ஆறு மாசப் பணம் எனக்கு" என்பார்கள். பொய்ச் சான்றில் பலன் வாங்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிக்குவது புரோக்கர் அல்ல, சான்றில் பெயர் உள்ளவர். வருகிற தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்த வக்கீலுக்கே அனுமதி இல்லை, பார் கவுன்சில் விதி தடுக்கிறது. வக்கீலே கேட்கக் கூடாத பங்கை இவர் யார் கேட்பதற்கு?

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பேங்கில் "கார்டியன் சர்டிபிகேட் கொண்டுவாங்க" என்பார்கள். பெற்ற தாயே ஆனாலும் கேட்பார்கள். இதற்குக் கோர்ட்டில் வழக்குப் போடத் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும்; மனுவை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற தகப்பனார் என்றால், சம்பாதிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க வரும். அதற்கு அந்தப் பிள்ளையின் பெயரையும் மருத்துவச் சான்றையும் தகப்பனார் இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணத்தில் பதிந்து, பதிந்ததற்கு ஒப்புகையும் வாங்கி வைத்துவிடுங்கள். அவர் போன பிறகு அதே காகிதத்துக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வயதான அம்மா கருவூலத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைய வேண்டியிருக்கும்.