போட்டோஜெனிக்: சொல் விளக்கம்

ஜாதகத்தோடு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று அம்மா என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் குடை விளக்கு. "தாடையை இறக்குங்க, கொஞ்சமா சிரிங்க, அவ்வளவு வேண்டாம்" என்று அரை மணி நேரம் படுத்திவிட்டு, போட்டோகிராபர் அம்மாவிடம்தான் தீர்ப்பைச் சொன்னார்: "பொண்ணு போட்டோஜெனிக் இல்லம்மா." அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இரத்தசோகை போல ஏதோ குறைபாட்டின் பெயர் என்றே தோன்றியது.

படத்தில் எடுப்பாகத் தெரியும் முகத்துக்குத்தான் இன்று அந்தப் பெயர். உண்மையில் அது முகத்தைப் பற்றிய சொல்லாகப் பிறக்கவே இல்லை. கிரேக்கத்தில் 'போட்டோ' என்றால் ஒளி, 'ஜென்' என்றால் பிறப்பு. இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் உப்புநீரில் நனைத்த தாளில் வெள்ளி நைட்ரேட் பூசி, அதன்மேல் இலையையோ பின்னல் துணியையோ வைத்து வெயிலில் காட்டினார். தாள் கறுத்தது; இலை மறைத்த இடம் மட்டும் நரம்பு தெரிய வெளுப்பாக நின்றது. 1839-ல் அவர் அதற்கு வைத்த பெயர் 'போட்டோஜெனிக் ட்ராயிங்', அதாவது ஒளியில் பிறந்த சித்திரம். அதே ஆண்டு வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 'போட்டோகிராஃபி' என்ற சொல்லை முன்வைக்க, அது நிலைத்தது. பழைய சொல்லுக்கு வேலை போயிற்று. உயிரியலில் ஒளி உமிழும் உயிர்களுக்கு அதைச் சொன்னார்கள். ஆக, மின்மினிப்பூச்சிதான் அசல் போட்டோஜெனிக்!

முகத்துக்கு அது வந்தது சினிமா வழியாக. பிரெஞ்சு விமர்சகர் லூயி டெல்யுக் 1920-ல் 'ஃபோட்டோஜெனி' என்ற தலைப்பில் ஒரு நூலே எழுதினார். நட்சத்திர முகங்கள் பத்திரிகை அட்டைகளை நிறைத்த பிறகு, ஒளியின் பெருமை முகத்தின் பெருமையாகிவிட்டது. சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது? 'முகக்களை' என்பார்கள். அது நேரில் பார்க்கும்போது தெரிவது. படத்தில் வராமலும் போகலாம். 'முகவெட்டு' அமைப்பைத்தான் குறிக்கிறது. பழைய புகழ்ச்சியோ நேர் எதிர்த்திசையில் போகிறது: கம்பனின் வாலி, அம்பு தைத்துக் கிடக்கும்போதும் இராமனை "ஓவியத்து எழுத ஒண்ணா உருவத்தாய்" என்கிறான். படத்தில் அடங்காததுதான் அங்கே அழகு.

புதுச்சொல் வேண்டுமென்றால் 'படவாகு' என்பேன். கைக்கு வாகான அரிவாள் என்பது போல, படத்துக்கு வாகான முகம். 'ஒளிப்பட எழில்' என்று எழுதலாம்தான், ஆனால் யார் வாயிலும் வராது. எனக்கு இதைவிடப் பிடித்தது நம் வீடுகளில் ஏற்கெனவே புழங்கும் வினை: "போட்டோ நல்லா விழுந்திருக்கு." நிழல் விழுவது போல, தாயத்தில் பன்னிரண்டு விழுவது போல. இந்தத் தடவை சரியாக விழவில்லையா, இன்னொன்று எடு, அவ்வளவுதான். அதில் முகத்தின்மேல் பழி இல்லை.

பழி இருக்க வேண்டியதும் இல்லை. கேமரா மிக அருகில் வந்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். முகத்தின் கோளாறு அல்ல, தூரத்தின் கணக்கு. இன்னொன்று, நம் முகத்தை நாம் கண்ணாடியில் இடவலம் மாறித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். 1977-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெண்கள் தங்கள் கண்ணாடித் தோற்றப் படத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளோ நேர்ப்படத்தை. செல்ஃபி எடுக்கும்போது திரையில் கண்ணாடிபோல் தெரிந்து அழகாக இருந்த முகம், பிறர் எடுத்த படத்தில் கோணலாகத் தெரிவது இதனால்தான்.

அந்த ஸ்டுடியோ படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. அதை யார் பார்த்தாலும் அத்தை முந்திக்கொண்டு சொல்வார்: "இது சரியா விழல. இவ நேர்ல இன்னும் நல்லா இருப்பா."