அடுப்புக்குள் ஒரு காவல்காரன்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, தோட்டத்து மானேஜர் ஒரு காலத்தில் ஓட்டிய லேண்ட் ரோவரை வாங்கி, உள்ளேயே படுத்துச் சமைக்கிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் கேஸ் அடுப்பைப் பொருத்திவிடலாமா?"

வேண்டாம் தம்பி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் ஜன்னல் வழியே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். குசினியில் கதவைத் திறந்துவிட இடமுண்டு. வண்டிக்குள் உங்கள் படுக்கையே தரையை ஒட்டித்தான் இருக்கிறது.

அதனால் கேஸ் தோங்குக்கு, அதாவது சிலிண்டருக்கு, தனிப் பெட்டி வேண்டும். வண்டியின் உட்புறத்தோடு அதற்குத் தொடர்பே இருக்கக் கூடாது. கசிவு வெளியே இறங்க அதன் அடியில் ஓட்டை வேண்டும், புகைக்குழாய்க்கு நேர்மேலே இல்லாமல். தோங் நிமிர்ந்தே நிற்கட்டும். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸ். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையின் குலுக்கலில் இணைப்புகள் தளரும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கத்தை நம் பெரியவர்களிடம் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இனி வீட்டு அடுப்பு ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன். மலிவான மேசை அடுப்புகள் பலவற்றில் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். வண்டிக்கு வாங்கும் அடுப்பில், பர்னர் ஓரமாகத் தீக்குள் தலைநீட்டும் பென்சில் முனை அளவுக் கம்பி ஒன்று இருக்க வேண்டும். அதன் பெயர் வெப்பமின் இரட்டை. இரு வேறு உலோகங்களின் இணைப்பு அது. முனை சூடாகி மறுமுனை குளிர்ந்திருந்தால் மின்சாரம் ஓடும். 1821-இல் சீபெக் என்ற ஜெர்மன் அறிவியலாளர் இரு உலோகங்களை வளையமாக்கிச் சூடேற்றியபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. இதனால் என்ன லாபம் என்று அன்றே யாரேனும் காசை நிறுத்தியிருந்தால்? அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் இந்தக் கம்பியைத்தான் காட்டுவேன்.

கிடைப்பது 20, 30 மில்லிவோல்ட்தான். பென்சில் பேட்டரியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. இது எப்படி ஒரு வால்வைத் திறக்கும்? திறப்பதே இல்லை! திறப்பது உங்கள் விரல். குமிழை அழுத்தும்போது ஓர் இரும்புத் தகடு மின்காந்தத்தோடு போய் ஒட்டுகிறது. இடைவெளி இருந்தால் அந்தக் காந்தத்தால் தகட்டை இழுக்க முடியாது, ஆனால் ஒட்டியதைப் பிடித்துவைக்க அந்தத் துளி மின்சாரம் போதும். பற்றவைத்தபின் சில நொடிகள் குமிழை அழுத்திப் பிடிக்கச் சொல்வது கம்பி சூடேறத்தான். தீ அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் கைவிடும், ஸ்பிரிங் வால்வை அடைக்கும். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. தீயே தன் காவலுக்கு மின்சாரம் தருகிறது.

போன மழைக்காலத்தில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நண்பர் வண்டியின் பின்கதவைத் திறந்தேன். காற்றடித்துத் தீ போனது. இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். இருபது எண்ணுவதற்குள் அடுப்புக்குள் 'டக்'.

கடையிலேயே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, ஊதி அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். ஒரு நிமிடமாகியும் 'டக்' வரவில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.