ஒரே கிட்டார், இரண்டு தொனி

ஆலயப் பாடகர் குழுவில் ஒரே கிட்டாரை இருவர் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். ஒருவர் கையில் இனிமை, இன்னொருவர் கையில் தகரம். ஏன் என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். ஈட்டி மரக் கிட்டார் வாங்கினால் சரியாகுமா என்பதும் அவர் கேள்வி.

ஈட்டியைப் பற்றிப் பிறகு பார்ப்போம். ஒல்லியான தந்தியால் காற்றை அதிகம் அசைக்க முடியாது. அது பிரிட்ஜ் (பலகையில் தந்திகளைப் பிடிக்கும் கட்டை) வழியாக மேல்பலகையை ஆட்டுகிறது. பலகைதான் காற்றை அசைக்கிறது. சுமார் 3 மி.மீ. கனமுள்ள இந்தப் பலகை, ஆறு எஃகுத் தந்திகளின் 70 கிலோ அளவிலான இழுப்பையும் தாங்க வேண்டும். உள்ளே ஒட்டிய சட்டங்கள் தடித்தால் ஒலி அடங்கும், மெலிந்தால் பலகை வயிறு தள்ளும்.

தொனி மாறும் ரகசியம் வலது கையில் இருக்கிறது. சுண்டிய தந்தி முழு நீளத்தில் ஆடும்போதே இரு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் ஆடுகிறது. இந்த ஆட்டங்கள் எழுப்பும் ஒலிகளே சீரிசைகள். தடித்த ஆறாம் தந்தியில் அவை 82, 165, 247, 330 ஹெர்ட்ஸ். பங்குகள் சேரும் இடங்களே அசையாத கணுக்கள். எந்தச் சீரிசையின் கணுவில் சுண்டுகிறோமோ, அந்தச் சீரிசை எழாது! 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) மேல், அதாவது சரிபாதியில் சுண்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் அத்தனையும் போய்விடும். ஒலி உள்ளீடற்று மென்மையாகும். 645 மி.மீ. தந்தியில் ஒலித்துளையின் நடு, பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு தூரம். அங்கே நான்காவதும் எட்டாவதும் இல்லை. பிரிட்ஜிலிருந்து 6 செ.மீ. தள்ளிச் சுண்டினால் முதல் பத்தும் இருக்கும், மேலே உள்ளவையும் ஓங்கும். தகரச் சத்தம் அதுதான்.

5-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் தந்தி 483 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. கை அதே இடத்தில் இருந்தால் கால் பங்கு மூன்றில் ஒரு பங்காகி, தொனி மாறிவிடும். பழைய தொனி வேண்டுமா, கையைப் பிரிட்ஜ் பக்கம் 4 செ.மீ. நகர்த்துங்கள். விரல் சதையால் சுண்டினால் தந்தியின் வளைவு மழுங்கி உயர் சீரிசைகள் குறையும். தந்தி சுண்டும் சிறு வில்லையான பிக்கின் கூர்முனை அவற்றை மீட்கும்.

இனி ஈட்டி. 1862-இல் ஸ்பெயினின் தோரஸ், பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகையே முக்கியம் என்று காட்டத்தான். ஈட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது என் கணக்கில் வீண். ஒலித்துளை விளிம்பைப் பாருங்கள்: மேல்முகத்து ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம், அடுக்குகள் தெரிந்தால் ப்ளைவுட். பணத்தை முழு மர மேல்பலகையில் போடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். கிறிஸ்துமஸ் ஒத்திகை நடக்கும் வடகிழக்குப் பருவத்தில் மேல்பலகை ஈரம் உறிஞ்சி உப்பும். தந்தி உயரும், ஒலி மந்தமாகும். அதற்காகச் சேடிலை (பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் மெல்லிய பட்டை) தேய்த்துவிட வேண்டாம். பலகை காய்ந்து இறங்கும்போது தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். வெயிலில் வைத்தால் பசை விடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு மூடி வையுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வாசித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள். துருவும் அழுக்கும் முதலில் தின்பது உயர் சீரிசைகளைத்தான்.