டிவிஷன் என்பது ‘பிரிவு’ அல்ல

“ஒவ்வொரு படைப்பிரிவிலும் இருந்த நான்கு படைப்பிரிவுகள் மூன்றாகக் குறைக்கப்பட்டதால், ஒரு படைப்பிரிவில் இருந்த படைப்பிரிவுகள் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாயின.” முதல் உலகப் போர் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் ஏறத்தாழ இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்தேன். மூன்று முறை படித்தும் தலைசுற்றல்தான் மிச்சம். விஷயம் எளியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்டது பட்டாலியன், சில பட்டாலியன் சேர்ந்தது பிரிகேட், சில பிரிகேட் சேர்ந்தது டிவிஷன். 1918 தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையால் பிரிட்டன் தன் பிரிகேட் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாலியனைக் குறைத்தது. ஒரு டிவிஷனில் மூன்று பிரிகேட். ஆகவே பன்னிரண்டு பட்டாலியன் ஒன்பதானது. மூன்று வெவ்வேறு அமைப்புகளுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் யாருக்குத்தான் விளங்கும்?

டிவிஷன் லத்தீன் வழிச் சொல். பகுத்தல் என்பது வேர்ப்பொருள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய சேனையை எளிதில் நடத்திச் செல்வதற்காகக் கூறுபோட்டார்கள். 1790களில், புரட்சிக் காலத்தில், அந்தக் கூறு காலாளும் குதிரையும் பீரங்கியும் சேர்ந்த நிலையான அமைப்பாயிற்று. வேர்க்கதை அவ்வளவுதான். தமிழில் ‘காலாட்படைப் பிரிவு’ என்று எழுதுகிறார்கள். அதில் காலாட்படை என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. காலாள் நம் பழைய சொல்.

சிக்கல் ‘பிரிவு’ என்பதில்தான். அது வேரை மொழிபெயர்க்கிறது, பொருளை விட்டுவிடுகிறது. பிரிவு என்றால் ஒரு முழுமையிலிருந்து பிரிந்த துண்டு, தனித்து நிற்காதது. மருத்துவமனையில் கண் பிரிவு, அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. டிவிஷனோ தனித்துப் போரிடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. 1914இல் பிரிட்டனின் ஒரு காலாட்படை டிவிஷனில் ஏறத்தாழ 18,000 பேர், 76 பீரங்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். பொறியாளர், மருத்துவர், தந்திக்காரர், உணவு வண்டி எல்லாம் உள்ளே. ‘உறுப்பமைந்து’ என்று குறள் படைக்குச் சொல்லும் இலக்கணம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. இவ்வளவு உறுப்பும் சேர்ந்ததைத் துண்டு என்பதா?

‘படை’ என்று முன்னால் ஒட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. படைப்பிரிவு என்பதைச் சில பட்டாலியன் கொண்ட ரெஜிமென்டுக்கும் போடுகிறார்கள், பிரிகேடுக்கும் போடுகிறார்கள், சில நாளிதழ்களில் நூறு பேர் கொண்ட கம்பெனிக்கும் அதுவே. “ஒரு படைப்பிரிவு அழிந்தது” என்றால் இறந்தவர் நூறா, ஆயிரமா, பதினைந்தாயிரமா? இலங்கைத் தமிழ் ஏடுகள் எழுதும் ‘படையணி’ காதுக்கு இனிது. ஆனால் அங்கும் அது பல அளவுகளுக்குப் பொதுச்சொல்லாகிவிட்டது. ரயில்வேயும் வருவாய்த் துறையும் டிவிஷனைக் ‘கோட்டம்’ என்கின்றன. நல்ல வேளை, ‘காலாட்படைக் கோட்டம்’ என்று இதுவரை என் கண்ணில் படவில்லை. கோட்டம் என்றால் வளைவு, கோணல் என்ற பொருளும் உண்டு. போர்முனைக்கு நல்ல சகுனமல்ல.

அடுத்த கொடுமை ‘சதுரப் பிரிவு’, ‘முக்கோணப் பிரிவு’. நான்கு ரெஜிமென்ட் கொண்ட ‘ஸ்கொயர் டிவிஷன்’, மூன்று கொண்ட ‘ட்ரையாங்குலர் டிவிஷன்’ ஆகியவற்றின் மொழிபெயர்ப்பு இவை. படிப்பவர் வீரர்கள் சதுரமாக வரிசைகட்டி நிற்பதாகத்தான் நினைப்பார். 1917இல் பிரான்சுக்குப் போன அமெரிக்க டிவிஷனில் இரண்டு பிரிகேட், அவற்றில் இரண்டிரண்டு ரெஜிமென்ட், ஆக நான்கு. ஆள் ஏறத்தாழ 28,000. அகழிப் போரில் அடி வாங்கிக்கொண்டும் நிற்க அந்தக் கனம் வேண்டியிருந்தது. இரண்டாம் போருக்குள் லாரியும் வானொலியும் வந்துவிட, மூன்று ரெஜிமென்டாக இளைத்து, 1943இல் சுமார் 14,000 ஆயிற்று. நாற்கூறு, முக்கூறு என்றால் குழப்பமே இல்லை. கூறு என்ற சொல் கையில் இருக்க ஏன் வடிவியல் பாடம்?

இந்திய 4ஆவது டிவிஷன் 1941இல் எரித்திரியாவின் கெரெனிலும், 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மோன்டே கசினோவிலும் போரிட்டது. அதை ‘நான்காம் பிரிவு’ என்று எழுதினால் பள்ளிக்கூடத்து வகுப்புப் போல ஒலிக்கிறது. இதை எழுதுகிறவர்களுக்கு அகராதியில் முதல் பொருளுக்குக் கீழே இறங்கப் பொறுமையில்லை. பிழை திருத்துபவருக்கு ஒற்று மட்டும்தான் கண்ணில் படும்.

என் தேர்வு ‘படைத்தொகுதி’. ஆங்கிலச் சொல் மேலிருந்து பார்க்கிறது, சேனையைப் பகுத்ததாக. நாம் கீழிருந்து பார்ப்போம், பட்டாலியன்களையும் பீரங்கிகளையும் தொகுத்ததாக. பிரிகேடையும் ரெஜிமென்டையும் பட்டாலியனையும் அப்படியே விட்டுவிடலாம். தூய தமிழில் எனக்குப் பற்று உண்டு. ஆனால் நான்கு தட்டுக்கும் நான்கு பெயர் கிடைக்கும்வரை கடன் சொல்லே நேர்மையானது. பட்டாளம்கூட பட்டாலியனிலிருந்து வந்தது என்பர். அதை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

தொகுதி என்றதும் தேர்தல்தானே நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் மடக்கினார். வரும்தான். ஆனால் ‘4ஆவது படைத்தொகுதி கெரெனைத் தாக்கியது’ என்று படிப்பவர் எவரும் வாக்குச்சாவடியைத் தேடிக்கொண்டு போக மாட்டார்.