துருசுத் திறப்பு (மதகின் சாவி) யாரிடம் இருக்கிறது? இலங்கையின் வன்னிக் குளங்களின் நிர்வாகத்தை மதிப்பிடும்போது

ஒரு குளத்தின் தண்ணீரைப் பங்கிடும் விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பு ஒன்று ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழ், யாப்பு (அமைப்பின் விதிகள்), வங்கிப் புத்தகம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்புகளிடம் இவை பெரும்பாலும் இருக்கும். இவற்றுக்குப் புள்ளி போட்டால் எல்லாக் குளமும் சித்தியடைந்துவிடும். தண்ணீர் குறைந்த ஆண்டில் யார் விதைத்தார், யார் விட்டுக்கொடுத்தார் என்று தேடுங்கள். நிர்வாகம் அங்கேதான் தெரியும்.

அதற்கு, வறண்ட காலத்துப் பயிரான சிறுபோகமே சரியான காலம். மாரிப் பயிரான காலபோகத்தில் மழை பலருடைய பிழையை மூடிவிடும். கடந்த நான்கைந்து சிறுபோக விதைப்புக் கூட்டங்களின் அறிக்கைகளை எடுத்து, அந்தந்த ஆண்டில் குளத்தில் நின்ற தண்ணீரோடு ஒப்பிடுங்கள். சிறு குளத்துக்குக் கைக்கணக்கு ஒன்று போதும்: நீர்ப்பரப்பு ஏக்கரில், துருசடி ஆழம் அடியில், இரண்டையும் பெருக்கி 0.4ஆல் பெருக்கினால் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்) வரும். 60 ஏக்கர் பரப்பில் 8 அடி தண்ணீர் என்றால் 192 ஏக்கர் அடி. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 110 நாளில் ஏறக்குறைய 1.8 அடி போகும். பரப்பும் சுருங்கிக்கொண்டே வருவதால் சராசரி 35 ஏக்கர் என்று கொண்டால் இழப்பு 63. மாடு, குளிப்பு, மீன் ஆகியவற்றுக்கு 29 விட்டால் மிச்சம் 100. கசிவை இதில் சேர்க்கவில்லை. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி என்று வைத்தால் 20 ஏக்கர்தான் விளையும். கூட்டறிக்கையில் 45 ஏக்கர் என்று இருந்தால், எத்தனை பேர் கையொப்பமிட்டிருந்தாலும் அது பிழையான தீர்மானம். கதிர் தள்ளும் நேரத்தில் தண்ணீர் முடியும். சண்டையும் அப்போதுதான் வரும்.

அதே குளத்தின் கீழ் 80 ஏக்கர் வயல் இருந்தால் ஏக்கருக்குக் கால் ஏக்கர் பங்கு. துருசுக்குக் கிட்டவுள்ள வயலைப் பிரித்து, தூரத்து வயற்காரருக்கும் அதற்குள் இடம் கொடுக்கவேண்டும். இது நடந்ததா என்று தலைவரிடம் கேட்காதீர்கள். வாய்க்காலின் கடைசி வயற்காரரிடம், அவருடைய வரம்பில் நின்று கேளுங்கள். பங்கு பெயரளவில் வந்து, பிறகு கிட்டவுள்ளவருக்கே குத்தகையாகத் திரும்பிப் போயிருக்கக்கூடும்.

பிறகு குளக்கட்டில் நடவுங்கள். துருசின் திருகுதண்டில் புது கிறீஸ் இருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா? திறப்பு ஒருவர் வீட்டில் இருக்கிறதா, கொறடாவோடு (திருகும் குறட்டோடு) வந்தால் எவரும் திருகலாமா? வானில் (மேலதிக நீர் வழிந்தோடும் இடத்தில்) மண்மூடை அடுக்கியிருந்தால் யாரோ சிலர் கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள். பெருமழையில் கட்டு உடைவது இப்படித்தான். அலைகரைக்குள் (குளம் நிறையும்போது நீர் ஏறும் கரையோர நிலத்துக்குள்) வயல் பிடித்தவர்கள் இருந்தால் கதை எதிர்மாறு: தங்கள் பயிர் தாழாமலிருக்கக் கார்த்திகையிலேயே துருசைத் திறந்துவிடுவார்கள். பிடித்தவர் அமைப்பின் நிர்வாகத்திலும் இருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் எந்தத் தீர்மானமும் அலைகரையைத் தொடாது.

தண்டப் பற்றுச்சீட்டுப் புத்தகம் முக்கியம். "எச்சரிக்கப்பட்டார்" என்று ஒரே பெயருக்கு மூன்று தடவை எழுதியிருந்தால் அங்கே விதி இல்லை. முதல் தடவைக்குச் சிறு தொகை, அடுத்ததற்குக் கூட, அதற்கும் அடங்காவிட்டால் தண்ணீர் முறை நிறுத்தம் என்று ஏறிப்போவது நல்ல அடையாளம். பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் தொகுத்த எட்டு நெறிகளில் இதுவும் ஒன்று. எங்கள் ஊர்களுக்கு அது புதிதல்ல.

மாட்டுக்காரரைத் தனியாகக் காணுங்கள். விதைப்புத் தொடங்கும் நாளும் பட்டிகளை வெளியேற்றும் நாளும் ஒரே கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. ஆனால் பண்ணையாளருக்கு அங்கே வாக்கு இருப்பது அரிது. மேய்ச்சல் தரை ஒதுக்காமல் கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம் மட்டும் போடும் ஊரில், அமைப்பு எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் வேலி வெட்டு நிற்காது. காணி அனுமதிப்பத்திரம் காணாமல்போன கணவன் பெயரில் இருக்க, வயலைச் செய்துவரும் பெண் அங்கத்தவரா, "வீட்டுக்காரர் சார்பில்" பின்வரிசையில் இருப்பவரா என்பதையும் பெயர்ப்பட்டியலில் பாருங்கள். இந்தப் பிரதேசத்தில் இது சின்ன விடயமல்ல.

அதிகாரம் இல்லாததற்கு அமைப்பின் புள்ளியைக் குறைப்பது அநியாயம். 80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயற்பரப்பை உடைய குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. அதைவிடப் பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. நீரேந்துப் பிரதேசக் காடு வனவளத் திணைக்களத்துக்கு. கிரவல் (சரளை மண்) அகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கு. மேலே கிரவல் தோண்டிக் குளம் மண்மூடினால், அமைப்பு எத்தனை கடிதம் எழுதியது, எந்தத் திகதியில், பதில் வந்ததா என்று கோவையைத் திறந்து பாருங்கள். பதில் வராத கடிதங்களின் பிரதிகளையும் மதிப்பீட்டு அறிக்கையோடு இணையுங்கள்.