சிக்கனம் வேறு, வினைத்திறன் வேறு

திருகோணமலை நகரத்துக் கணினிக் கடைகளில் ‘மின்சிக்கனச் செயலி’ என்ற தொடர் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றது. கணினியின் கணிப்புகளைச் செய்யும் சில்லில் மின்சாரம் குறைவாக எடுப்பதையே அப்படிச் சொல்கின்றனர். சென்ற வாரம் உவர்மலையிலிருந்து வந்த என் மருமகனும் அதையே சொன்னான். “மாமா, இரவு பகலா கணினிய ஓடவிட்டு ஆராய்ச்சிக்குக் கணிப்புச் செய்து குடுக்கப் போறன். 15 வாற்றுச் சிக்கனச் செயலிதான் நல்லதெண்டு கடையில சொன்னவை.” அத்தொடரில் இருப்பவை இரண்டு சொற்கள், இரண்டுமே பொருந்தாதவை.

‘சிக்கனம்’ என்று இங்கே சொல்லவருவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘எஃபிசியன்சி’ என்ற சொல், செய்து முடித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. செலவிட்டதற்கு எவ்வளவு பயன் கிடைத்தது என்பதே அதன் பொருள். இலங்கையில் இதற்கு வினைத்திறன் என்ற சொல் நெடுநாளாக உண்டு. அரச ஊழியர் எவரும் வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சையை மறந்திருக்கமாட்டார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பயனுறுதிறன் என்கின்றன. அதுவும் நல்ல சொல்லே.

சிக்கனமோ கையை இறுக்கிப் பிடிப்பது. தேவையற்ற விளக்கை அணைப்பவர் சிக்கனமானவர். அந்த விளக்கு சிக்கனமானதன்று. சிக்கனம் செலவை மட்டுமே பார்க்கும், வரவைப் பார்க்காது. கடலுக்கே போகாத வள்ளத்துக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் செலவில்லை. ஆயினும் அதனைச் சிறந்த வள்ளமென்று எந்த மீனவரும் சொல்வதில்லை. எத்தனை லீற்றருக்கு எத்தனை கிலோ மீன் என்பதே அவர் கணக்கு.

மருமகன் செய்யப்போவதுபோல், வீட்டுக் கணினியை ஆராய்ச்சிக்கு இலவசமாகக் கொடுக்கும் தொண்டர் கணிப்பிலும் இதே கணக்குத்தான். வேற்றுலக அறிவுயிர்களைத் தேட 1999 மே மாதம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ திட்டம், வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைத் துண்டு துண்டாக்கி வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பியது. 2020 மார்ச்சில் அது புதிய பணிகள் அனுப்புவதை நிறுத்திய போதிலும், இத்தகைய பணிகளை வீட்டுக் கணினிகளுக்குப் பகிரும் ‘பொயின்க்’ மென்பொருளின் வழியே வேறு திட்டங்கள் இன்றும் நடைபெறுகின்றன. இங்கே கணினி ஓய்ந்திருப்பதில்லை. ஆகவே ஒரு பணியை முடிக்க எத்தனை வாற்று மணித்தியாலம் செலவாகிறது என்பதையே பார்க்கவேண்டும். 15 வாற்றுச் சில்லு ஒரு பணியைப் 10 மணித்தியாலத்திலும் 65 வாற்றுச் சில்லு அதனையே 2 மணித்தியாலத்திலும் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு 150 வாற்று மணித்தியாலம், மற்றதற்கு 130. தாய்ப்பலகை, விசிறி, மின்வழங்கி ஆகியன சேர்ந்து எப்போதும் 20 வாற்று இழுக்குமாயின், கணக்கு 350 ஆகவும் 170 ஆகவும் மாறிவிடும். ‘சிக்கனச்’ சில்லே இருமடங்குக்கு மேல் மின்சாரம் தின்கின்றது! பயன்படுத்தும் அலகு கூடக்கூட அலகு ஒன்றின் விலையும் ஏறுகின்ற நம் நாட்டு மின்பட்டியலில் இது சிறிய வேறுபாடன்று.

சில மொழிபெயர்ப்பாளர்கள் குறைந்த வாற்றில் இயங்கும் சில்லைச் ‘சக்தி குறைந்த செயலி’ என்றே எழுதிவிடுகின்றனர். அதைப் படிப்பவர் நோஞ்சான் சில்லு என்றல்லவா எண்ணுவார்? சக்தி என்பதும் வலு என்பதும் வேறு என்று நம் பௌதிகவியல் பாடநூல்கள் சொல்லித்தருகின்றன. சக்தி செலவாகும் வேகமே வலு. வாற்று வலுவின் அலகு. யூல் சக்தியின் அலகு. பெட்டியில் அச்சிடப்படும் 65 வாற்று வெப்பத்தை அகற்றும் ஏற்பாட்டுக்கான வலு அளவேயன்றி, மாத முடிவில் வரும் பட்டியலன்று. அந்த எண்ணும் மாறாததன்று. மின்னழுத்தத்தையும் கடிகார வேகத்தையும் சற்றுக் குறைத்தால், வேலை சிறிது மெதுவாகும், வலுவோ அதைவிட வெகுவாக இறங்கும். ஏனெனில் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. ஒரே சில்லு இன்று வினைத்திறன் குறைந்தும் நாளை மிகுந்தும் இயங்கக்கூடும் என்றால், ‘சிக்கனச் செயலி’ என்று ஒரு இனத்தையே பிரித்து விற்பது எப்படிப் பொருந்தும்?

‘செயலி’ பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசியில் இறக்கும் ஆப்பும் செயலி, அதை இயக்கும் சில்லும் செயலி என்றால், ‘செயலி சூடாகிறது’ என்ற வாக்கியத்துக்கு யார் பொருள் சொல்வது? சில்லைக் குறிக்கும் முறைவழியாக்கி என்ற சொல் நாவுக்குச் சற்று நீளமே. குழப்பமில்லாதது என்பதால் நான் அதையே எழுதுகிறேன்.

மருமகன் ‘சக்தி வினைத்திறன் மிக்க முறைவழியாக்கி’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அதே கடைக்குப் போனான். கடைக்காரர் வாசித்துவிட்டு, “தம்பி, இது எந்தக் கம்பனி?” என்றாராம். அவன் தாளைத் திருப்பி, பின்புறத்தில் 350, 170 என்ற இரண்டு எண்களையும் எழுதிக் காட்டியிருக்கிறான்.