பாயின்ட் மூடியிருக்கும் நேரம்: பழைய வி-8 இன்ஜினில் தீப்பொறி பிறக்கும் விதம்

பழைய அமெரிக்க கார்களை வீட்டிலேயே பழுது பார்ப்பவர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: கார்புரேட்டரில் கோளாறு என்று கழற்றப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான நோய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்கும். இதை மிகை என்று ஒதுக்கிவிட முடியாது. 1965ஆம் ஆண்டின் செவர்லே இம்பாலாவில் வந்த 283 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 4.6 லிட்டர், வி-8 இன்ஜினை எடுத்துக்கொண்டால், அதன் எட்டு சிலிண்டர்களுக்குமான தீப்பொறியின் வலிமையும் அது எழும் கணமும் விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உரசும் கட்டையை நம்பியிருக்கின்றன. அந்தக் கட்டை தேயும் பொருளால் ஆனது.

இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் இடம்பெற்ற அவருடைய பேட்டரி இக்னிஷன் முறை, அடிப்படை மாறாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க கார்களை ஓட்டியது. நம் ஊர் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் 'சி.பி. பாயின்ட்' (மின்சுற்றை மூடித் திறக்கும் இரு தொடுமுனைகள்) என்று மெக்கானிக்குகள் சொன்னதும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து இருபதாயிரம் வோல்ட் எப்படிக் கிடைக்கிறது? இக்னிஷன் காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு சுருள்கள் உள்ளன: தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுருள் ஒன்று, மயிரிழை போன்ற கம்பியால் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருள் மற்றொன்று. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப் புலம் வளர்கிறது; பாயின்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுபட, புலம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சரிகிறது. குழாயில் வேகமாக ஓடும் நீரைச் சட்டென்று அடைத்தால், ஓட்டத்தில் இருந்த ஆற்றல் அழுத்தமாக மாறிக் குழாயையே அதிரச் செய்வதைப் போல, இங்கே காந்தப் புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் மின்னழுத்தமாக மாறுகிறது. முதன்மைச் சுருளில் சில நூறு வோல்ட்டாக எழும் அந்த அழுத்தம், சுற்றுகளின் விகிதத்தால் துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. ஆக, பொறி பிறப்பது சுற்று இணையும்போது அன்று, அறுபடும்போது.

அறுபடுவது சட்டென்று நிகழ வேண்டும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பாயின்ட் திறக்கத் தொடங்கும் கணத்தில் அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்பதால், எழும் அழுத்தம் அங்கேயே பொறியாகப் பாய்ந்து ஆற்றலை வீணாக்குவதுடன் டங்ஸ்டன் முனைகளையும் கருக்கிவிடும். பாயின்ட்டுக்கு இணையாக இணைக்கப்பட்ட, ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் கொள்ளளவு உடைய கண்டன்சர், அந்தக் கணத்து மின்னோட்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு முனைகள் விலகுவதற்கு அவகாசம் தருகிறது. கழற்றிய பாயின்ட்டில் ஒரு முனை குழிந்தும் மறு முனை மேடிட்டும் இருந்தால் கண்டன்சரின் கொள்ளளவு பொருந்தவில்லை என்று ஐயுறலாம்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு, பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது; உரசும் கட்டையைத் தள்ளிப் பாயின்ட்டைத் திறக்கும் அதன் கேமில் எட்டு முகடுகள் இருப்பதால் ஒவ்வொரு பொறிக்கும் 45 டிகிரி கிடைக்கிறது. இந்த 45 டிகிரியில் பாயின்ட் மூடியிருக்கும் பங்கையே 'டுவெல்' என்கிறார்கள். செவர்லே வி-8க்கு அது 30 டிகிரி. இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றுகளில் நின்றபடி ஓடும்போது நொடிக்கு 40 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாயின்ட் ஏறத்தாழ 17 மில்லிவிநாடி மூடியிருக்கும். 4,500 சுற்றுகளில் நொடிக்கு 300 பொறிகள் தேவைப்பட, மூடியிருக்கும் நேரம் 2.2 மில்லிவிநாடியாகச் சுருங்கிவிடுகிறது. சுருளில் மின்னோட்டம் முழு அளவை எட்டுவதற்கே சில மில்லிவிநாடிகள் வேண்டியிருப்பதால், மெதுவாகச் செல்லும்போது எந்தக் குறையும் காட்டாத வண்டி, டுவெல் குறைந்திருந்தால் நெடுஞ்சாலையில் மட்டும் திணறும்.

தேய்மானம் இதற்கு நேர்மாறான திசையில் வேலை செய்கிறது. கேமின் மேல் உரசும் கட்டை தேயத் தேய பாயின்ட்டின் இடைவெளி குறைகிறது, டுவெல் கூடுகிறது, பாயின்ட் திறக்கும் கணம் தள்ளிப்போகிறது. டுவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங், அதாவது பொறி எழும் கணம், கிராங்க் தண்டின் கணக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி பிந்துகிறது. பாயின்ட்டை முதலில் சரிசெய்து, டைமிங்கை அதன் பிறகே பார்க்க வேண்டும் என்ற பட்டறை விதிக்கு இதுவே காரணம். வரிசையை மாற்றிச் செய்தால் முதலில் செய்த வேலை வீணாகும்.

இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு கொண்டு அளப்பது புதிய பாயின்ட்டுக்குப் பொருந்தும்; செவர்லேயில் அது 0.019 அங்குலம். பழைய பாயின்ட்டில் தகடு மேட்டைத் தொட்டுவிட்டுக் குழியைக் கணக்கில் சேர்க்காததால், உண்மையான இடைவெளி அளந்ததைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே டுவெல் மீட்டரே நம்பத்தக்கது. டெல்கோ 1957இல் கொண்டுவந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சிறு உலோகச் சன்னல் இருக்கிறது. அதை உயர்த்தி, ஓடும் இன்ஜினிலேயே எட்டில் ஒரு அங்குல ஆலன் சாவியால் டுவெல்லைத் திருப்பி அமைக்கலாம். மீட்டர் இல்லாதவர் இன்ஜின் தடுமாறும் வரை வலஞ்சுழியாகத் திருப்பி, பிறகு அரைச் சுற்று பின்வாங்க வேண்டும். வீட்டில் வேலை செய்பவரை மனத்தில் வைத்து ஒரு பொறியாளர் சிந்தித்ததற்கு இதைவிட அழகான சான்றை நான் அந்த இன்ஜினில் கண்டதில்லை.

டைமிங்கை முன்னதாக வைப்பது ஏன் என்பதையும் நேரக் கணக்கே விளக்குகிறது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை எரிவதற்குச் சிறிது நேரம் ஆகிறது. 3,000 சுற்றுகளில் ஒரு மில்லிவிநாடிக்குள் கிராங்க் தண்டு 18 டிகிரி நகர்ந்துவிடும். ஆகையால் வேகம் கூடும்போது பொறியும் முன்னதாக எழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுருள்வில்லால் கட்டப்பட்ட இரண்டு எடைகள் சுழற்சியில் வெளிநோக்கி விரிந்து கேமை முன்னே திருப்புகின்றன. மிதமான சுமையில் மெலிந்த கலவை இன்னும் மெதுவாக எரிவதால், இன்ஜினின் உறிஞ்சலால் இழுபடும் வெற்றிட டயஃப்ரம் மேலும் சில டிகிரிகளைச் சேர்க்கிறது. அடிப்படை டைமிங்கை, பொறியோடு சேர்ந்து மின்னிக் கிராங்க் முனையின் குறியைக் காட்டும் ஸ்ட்ரோப் விளக்கால் பார்க்கும்போது வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைக்கச் சொல்வது இந்தச் சேர்க்கை கணக்கைக் கெடுக்காமல் இருப்பதற்கே.

அந்த விளக்கு காட்டும் குறியையும் கண்மூடி நம்பக்கூடாது. கிராங்க் முனையில் உள்ள, அதிர்வைத் தணிக்கும் பாலன்சரின் வெளி வளையம் ரப்பரால் பிணைக்கப்பட்டிருப்பதால், பல பத்தாண்டுகளில் அது நழுவிக் குறி இடம் மாறியிருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு தடுப்புக் கம்பியைத் திருகி, இன்ஜினைக் கையால் இரு திசைகளிலும் பிஸ்டன் முட்டும் வரை சுழற்றி, பாலன்சரில் கிடைக்கும் இரு புள்ளிகளின் நடுவே பிஸ்டனின் உண்மையான மேல்நிலை இருப்பதைக் கண்டுபிடிக்கலாம்.

வயரிங்கை முழுவதுமாக மாற்றுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. காயிலுக்குச் செல்லும் மூலக் கம்பி சாதாரணச் செப்புக் கம்பி அன்று, வேண்டுமென்றே மின்தடை வைத்துச் செய்யப்பட்டது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வேறு வழியாக முழு பேட்டரி அழுத்தம் காயிலுக்குப் போகும். ஓடத் தொடங்கியபின் மின்தடைக் கம்பி அதை ஏழெட்டு வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். அதற்குப் பதிலாகச் சாதாரணக் கம்பியைப் போட்டால் வண்டி அருமையாக ஓடி, சிறிது காலத்தில் பாயின்ட் கருகி நின்றுபோகும்.

1970களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் பாயின்ட்டைக் கைவிட்டன. கிரைஸ்லர் 1973இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975இலும் மின்னணு இக்னிஷனைப் பொதுவாக்கின. இன்று பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் காந்த உணரிகள் கிடைக்கின்றன. தேயும் கட்டை இல்லாததால் டுவெல் விலகுவதே இல்லை. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அதுவே தகுந்தது என்பேன். ஆனால் அந்த உணரி செயலிழந்தால் சாலையோரத்தில் அதைச் செப்பனிட வழியில்லை. அதனால்தான் மாற்றம் செய்தவர்களிலும் பலர், கழற்றிய பாயின்ட்டையும் கண்டன்சரையும் ஒரு பையில் போட்டு, பக்கத்திலேயே ஒரு திருப்புளியோடு டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.